பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குச் சீருடை: டெல்டாவில் யாருக்கு, எப்போது, எப்படி?

வெண்ணாறு

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நீடாமங்கலம் பக்கம். பாதிப் பேர் சென்னை, திருப்பூர். கொஞ்சம் பேர் சிங்கப்பூர், துபாய். பொங்கலுக்கு ஊரில் கூடியபோது, சும்மா சாப்பிட்டுக் கலையாமல் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், ஒருவர் மட்டும் இருந்து சிரமப்படுகிற வீட்டுப் பிள்ளைகள், இவர்களுக்கு ஜூனில் பள்ளி திறக்கும்போது சீருடை எடுத்துக் கொடுப்பதாக முடிவு. பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது, துணியாகவா தைத்தா, பள்ளி வழியாகவா வீட்டுக்கே போயா, ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து பள்ளிகளை மனதில் வைத்திருக்கிறோம். சின்னதாக ஒரு விழா வைத்துக் கொடுக்கலாம் என்று குழுவில் ஒரு தரப்பு பிடிவாதமாக இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

குடந்தை வெற்றிலை

அரசாங்கமே நாலு செட் சீருடை, செருப்பு, பை, புத்தகம், நோட்டு எல்லாம் கொடுக்கிறதே. அதற்கு மேல் நீங்கள் எதற்கு? அந்தப் பணத்தில் பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர் வசதி செய்து கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஓய்வு வாத்தியார்

வெற்றிலை சொல்வது பாதி சரி. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

இலவசச் சீருடை அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரைதான். அதிலும் சத்துணவுத் திட்டத்தில் பெயர் பதிந்த பிள்ளைக்குத்தான். வருடத்துக்கு நாலு செட். சமூகநலத் துறையின் கீழ் இருக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருகிறது. நாலும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுவதில்லை, தவணை தவணையாகத்தான் வரும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் இது நின்றுபோகிறது. வேடிக்கை என்னவென்றால் மதியச் சாப்பாடு பத்தாம் வகுப்பு வரை உண்டு, சட்டை எட்டோடு சரி. பல பள்ளிகளில் ஒன்பதுக்கு நிறமே மாறிவிடுவதால் எட்டாவதில் வாங்கியதைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. பதினொன்றுக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடமே மாறும். ஊர்ப் பள்ளி பத்தோடு முடிந்து, மன்னார்குடிக்கோ திருத்துறைப்பூண்டிக்கோ போகவேண்டும். அங்கே ஒரு புதுச் செட்டு.

ஒரு பிள்ளை படிப்பை விடுகிற வயதும் அதுதான். பையன் என்றால் சித்தப்பா திருப்பூருக்குக் கூட்டிப்போய்விடுவார். பெண் என்றால் அத்தை வீட்டில் கைக்குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்பார்கள். அதனால் தம்பி, உங்கள் பணம் முதலில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை போகட்டும். சின்ன வகுப்புகளில் நடுவருடம் வந்து சேர்கிற பிள்ளைகளை மட்டும் பாருங்கள். அப்பா தவறி, அம்மாவோடு தாத்தா ஊருக்கு அக்டோபரில் வந்து சேர்கிற பிள்ளை இருக்கும். அளவெடுப்பு, பட்டியல் எல்லாம் முன்பே முடிந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சட்டை வந்து சேர்வதற்குள் அரைப்பரீட்சை முடிந்துவிடும்.

கழிவறைத் தண்ணீரும் வேண்டியதுதான். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சியிடம் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் சட்டைக்குத் தீர்மானம் போட இடம் இல்லை.

கடைமடைக்காரன்

வேதாரண்யம் பக்கத்துக்காரன். வாத்தியார் வகுப்பைச் சொன்னார், நான் மாதத்தைச் சொல்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் பக்கம் யார் கையிலும் காசு இருக்காது. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தாலும் தண்ணீர் கல்லணை தாண்டி, வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்கு வந்து சேர நாளாகும். குறுவை நடவுக் கூலி அதற்கப்புறம்தான். கடைமடையில் குறுவையே கிடையாது, ஒருபோகச் சம்பாதான் என்கிற ஊர்களும் உண்டு. கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். ஆக வயலும் கடலும் கையை விரிக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் திறக்கிறது. சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் கையில் நாலு காசு புழங்கும். அப்போது யாரும் ஜூன் சட்டையை நினைப்பதில்லை, நினைத்தாலும் பழைய கடனுக்குப் போய்விடும்.

இது எல்லாக் கூலி வீட்டுக்கும் பொதுவான கஷ்டம்தான். ஆனால் அப்பா அம்மா இருக்கிற வீட்டில் தெரிந்த கடையில் கடன் சொல்லியாவது துணி எடுப்பார்கள். எழுபது வயசுப் பாட்டிக்கு எந்தக் கடைக்காரர் கடன் கொடுப்பார்?

இன்னொரு விஷயம், பேருந்து. புது பஸ் பாஸ் வரும்வரை சீருடையில் இருந்தால் அரசுப் பேருந்தில் டிக்கெட் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் எப்படியும் கட்டணமில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வெளியூர் போகிற பையனிடம் சீருடை இல்லையென்றால் நடத்துனர் சில்லறை கேட்பார். வீட்டில் அதுவும் இருக்காது. இரண்டு நாள் போவான், மூன்றாம் நாள் மாங்காய் பறிக்கப் போய்விடுவான். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள் விழாவில் கொடுக்கிற சட்டை இவனுக்கு ஆகாது.

பாட்டி வளர்த்த பையன்

விழா பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேடையில் நின்று வாங்கியவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வெளியூர் ஆட்கள் சிலர் வந்து கொடுத்தார்கள். பள்ளிப் பெயர் வேண்டாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தை நீட்டித்து, மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். பெயருக்கு முன்னால் 'தந்தையை இழந்த', 'தாய் தந்தை இருவரையும் இழந்த' என்று அடைமொழி வேறு. என் அம்மா இறக்கவில்லை, எங்களை விட்டுவிட்டுப் போனவர். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். என் முறை வந்தபோது வாசித்த சாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடிக்குப் பின்வரிசையில் சிரிப்பு.

அதோடு முடியவில்லை. துணி நிறம் சரியாக ஒத்துவரவில்லை. எல்லார் பேண்ட்டும் ஒரு மாதிரி, எங்கள் ஏழெட்டுப் பேர் பேண்ட் ஒரு படி வெளிறியது. வருடம் முழுக்க அந்தக் கூட்டம் யார் என்று தூரத்திலிருந்தே தெரியும். நான் அதை வாரத்துக்கு ஒருநாள்தான் போட்டேன். மற்ற நாளெல்லாம் மாமா பையனின் பழையது, முழங்கால் தேய்ந்தது. அதுவே நிம்மதியாக இருந்தது.

கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் உங்கள் குழுவில் விழா வேண்டும் என்கிறவர்களிடம் கேளுங்கள்: உங்கள் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையை மைக் வைத்தா கொடுக்கிறீர்கள்?

ஓவர்லாக்

மயிலாடுதுறையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நிறம் ஏன் மாறுகிறது என்று சொல்கிறேன்.

ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் சாயத்துக்குச் சாயம் வித்தியாசம் வரும். இந்த மாதம் வந்த துணிச் சுருளையும் மூன்று மாதம் கழித்து வருகிற சுருளையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். கைபேசியில் போட்டோ பார்த்துச் சென்னையிலோ ஈரோட்டிலோ மொத்தமாக எடுத்துவந்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எந்தக் கடையில் எடுக்கிறார்களோ அந்தக் கடையிலேயே எடுங்கள். மீட்டருக்குப் பத்து இருபது ரூபாய் கூடத்தான் ஆகும். பரவாயில்லை.

துணியாகக் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் தையல் கூலிக்குக் காசு இல்லாமல் துணி பெட்டியிலேயே கிடக்கும். பேண்ட், சட்டை தைக்கிற கூலி துணி விலையைத் தொட்டுவிடுகிறது இப்போது. பெண் பிள்ளைக்குச் சுடிதாரோடு ஓவர்கோட்டும் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். வெளியிலிருந்து கொடுக்கிறவர்கள் அதைத்தான் மறக்கிறார்கள்.

ரெடிமேடும் வேண்டாம் என்பேன். பதினாலு வயதில் ஒரு பிள்ளை இடுப்பு சிறுத்து உயரமாக இருக்கும், இன்னொன்று நேர்மாறு. 34, 36 என்று எண் பார்த்து எடுத்தால் பாதி பொருந்தாது. தைக்கும்போது பேண்ட் கீழ்மடிப்பில் மூன்று அங்குலம், சட்டைப் பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் போதும். சில தையற்காரர்கள் துணி மிச்சம் பிடிக்க இதை விடமாட்டார்கள், நின்று கேட்டு வாங்க வேண்டும். காட்டன் கூடுதலாக உள்ள துணி என்றால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே கணுக்கால் தெரியும்.

எத்தனை செட் என்றால், குறைந்தது இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் துணி காய்வதில்லை. கூரை வீட்டில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, புகை வாசனையோடு போட்டுப் போவார்கள். ஒரு செட் வைத்திருக்கிற பிள்ளை அடைமழை மாதத்தில் பாதி நாள் வராது. என்னைக் கேட்டால் இருபது பேருக்கு ஒரு செட் கொடுப்பதைவிடப் பத்துப் பேருக்கு இரண்டு செட் கொடுங்கள்.

வெண்ணாறு

பாட்டி வளர்த்த பையன், உங்கள் பதிவை அப்படியே எங்கள் குழுவில் போட்டேன். விழாக் கட்சி இன்று காலையிலிருந்து பேசவில்லை.

ஒரு சந்தேகம். விழா இல்லாமல் எப்படிக் கொடுப்பது? பள்ளியில் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தாலும் தெரியத்தானே செய்யும்? காப்பகங்களுக்குக் கொடுத்துவிடலாமா, அங்கே எல்லாருமே அப்படித்தானே என்று ஒருவர் கேட்கிறார்.

நாகைத் துறைமுகம்

காப்பகம் என்றால் முதலில் ஒன்று பார்க்க வேண்டும்: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41-ன்படி பதிவு பெற்ற இல்லமா என்று. பதிவு இல்லாத இடம் என்றால் ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். பதிவு பெற்ற இல்லம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். அங்கே உள்ள பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழு வழியாக வந்தவர்கள். அவர்களின் பெயர், பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அன்பளிப்பு வழங்கியபோது' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு இல்லங்கள் முதல் இடம் இல்லை என்பது என் எண்ணம். இல்லத்துப் பிள்ளைக்குச் சாப்பாடும் துணியும் கொடுக்க ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பாட்டி, பெரியப்பா, அக்கா வீட்டில் இருக்கிற பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருக்காது.

நாகையில் 2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஊர் உலகமெல்லாம் துணி அனுப்பியது. பழைய துணி மூட்டை மூட்டையாகச் சாலையோரம் குவிந்து, மழையில் நனைந்து நாறியது. மீனவப் பெண்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்தவர்களுக்கு மனநிறைவு, அப்புறப்படுத்தியது நகராட்சி. அதே சமயம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இங்கே அரசு தொடங்கிய அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்தவர்கள் படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகி இருக்கிறார்கள். வருடக்கணக்காகக் கூடவே ஆள் இருந்ததால் அது நடந்தது.

அதனால் சட்டையோடு நிற்காதீர்கள் என்று சொல்ல வருகிறேன். நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அரசுப் பணம் வருகிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000, 18 வயது வரை. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் என்று 2021-இல் அறிவித்தார்கள். இதற்கெல்லாம் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பெற்றோர் இறப்புச் சான்று என்று காகிதம் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இறப்புச் சான்றுக்கு எங்கே அலைவார்? துபாய்க்காரர்கள் பணம் கொடுக்கட்டும். ஊரில் இருக்கிற உங்கள் ஆள் ஒருவர் பைக்கில் அந்தப் பாட்டியைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போகட்டும்.

குடந்தை வெற்றிலை

நாகையார் சொல்வதைத்தான் நானும் வேறு மாதிரி சொன்னேன். பணமாகவே கொடுத்துவிடுங்கள். சீருடை, கீழ்மடிப்பு, ஓவர்கோட்டு என்று ஏன் இவ்வளவு பாடு? பாட்டிக்குத் தெரியாதா எது அவசரம் என்று?

கடைமடைக்காரன்

வெற்றிலை, பாட்டிக்கு நன்றாகவே தெரியும். ஜூன் மாதம் அவசரம் என்றால் குழுக் கடனின் வாரத் தவணை. செவ்வாய்க்கிழமை வசூல்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தால் கையில் இருக்கிற எந்தப் பணமும் போய்விடும். பாட்டி மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பணமாக வந்தால் அதற்குக் கேட்பவர் பலர். சட்டையாக வந்தால் அந்தப் பிள்ளை மட்டும்தான்.

குடந்தை வெற்றிலை

அந்தத் தவணை கட்டவில்லையென்றால் வாசலில் நடக்கிற அவமானமும் பிள்ளைக்குத்தான். நான் மாறவில்லை. 😊

ஸ்ரீரங்கம் மாடிவீடு

இடையில் ஒன்று. கென்யாவில் 2003-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். ஆனால் சீருடையைப் பெற்றோர்தான் வாங்க வேண்டும் என்கிற நிலை தொடர்ந்தது. எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளமாக இருந்த நாடு. அங்கே ஒரு பகுதியில் குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சீருடை கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பள்ளிக்கு வராமல் இருப்பது நன்றாகவே குறைந்தது, அதுவும் சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் கூடுதலாக. பல ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, எத்தனை வகுப்பு படித்தார்கள் என்பதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

ஆகவே சட்டை கொடுத்தால் வாழ்க்கை மாறும் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

ஓய்வு வாத்தியார்

மாடிவீடு, நல்ல தகவல். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒருமுறை கொடுத்த சட்டை ஒரு வருடத்துக்குத்தான் சட்டை. அடுத்த ஜூனில் பிள்ளை நாலு விரல் வளர்ந்திருக்கும். ஒன்பதில் கொடுத்தால் பன்னிரண்டு முடியும்வரை அதே பிள்ளைக்குக் கொடுங்கள். நாற்பது பேரில் தொடங்கி அடுத்த வருடம் வேறு நாற்பது பேர் என்று போகாமல், பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு நாலு வருடம் பிடியை விடாமல் இருங்கள். குழுக்காரர்களுக்கு இதில் சுவாரஸ்யம் குறையும், தெரியும். முதல் வருடம் பணம் கொட்டும், மூன்றாம் வருடம் நினைவூட்ட வேண்டியிருக்கும். இப்போதே நாலு வருடப் பணத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.

எப்படித் தெரியாமல் கொடுப்பது என்று கேட்டீர்களே. வகுப்பாசிரியரிடம் பட்டியல் கேட்காதீர்கள், அவர் வகுப்பில் வைத்தே 'அப்பா இல்லாதவங்க எழுந்திரு' என்பார். தலைமையாசிரியரிடம் மட்டும் பேசுங்கள். மாணவர் விவரம் அவரிடம் இருக்கும். சத்துணவு அமைப்பாளர் அம்மாவையும் கேளுங்கள். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை இரண்டாம் முறை சோறு கேட்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அப்புறம் ஊரில் எல்லாரும் போகிற தையல் கடையில் பணத்தைக் கட்டிவிடுங்கள். பாட்டியிடம் தலைமையாசிரியர் ஒரு சீட்டு கொடுப்பார். பிள்ளை மற்றவர்களைப் போலவே கடைக்குப் போய் அளவு கொடுத்து, மற்றவர்களைப் போலவே நாலு தடவை அலைந்து வாங்கி வரும்.

பாட்டி வளர்த்த பையன்

அந்த நாலு தடவை அலைகிறது முக்கியம் சார். 'என் டிரெஸ் இன்னும் தைக்கல' என்று வகுப்பில் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

வெண்ணாறு

நேற்று இரவு குழுவில் பேசிவிட்டோம். விழா இல்லை. ஒருவர் மட்டும் 'போட்டோ இல்லாமல் எப்படிக் கணக்குக் காட்டுவது' என்றார். தையல் கடை ரசீது போதும் என்று வாயை அடைத்துவிட்டோம். ஐந்து பள்ளி என்பதை இரண்டாகக் குறைத்திருக்கிறோம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஆளுக்கு இரண்டு செட், பெண் பிள்ளைக்கு ஓவர்கோட்டோடு. நாலு வருடத்துக்கு. நடுவருடம் வந்து சேர்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்கிறோம். ஊரிலேயே இருக்கிற எங்கள் நண்பன் காகித வேலைக்கு ஒத்துக்கொண்டான், எல்.ஐ.சி. ஏஜென்ட், ஆபீஸ் ஏறி இறங்கிப் பழக்கம். பணமாகக் கொடுப்பது பற்றி வெற்றிலை அண்ணனோடு ஒத்துப்போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அது முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

மே கடைசி வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்து தையல் கடையில் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஓவர்லாக்

தம்பி, மே கடைசியில் வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தையற்காரரும் வாங்க மாட்டார். அப்போது தனியார் பள்ளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும், காஜா போடுகிற ஆளுக்குக்கூட வரிசை. ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிவதற்குள் கடை பேசி, முன்பணம் கொடுத்து, துணியையும் எடுத்து வைத்துவிடுங்கள். அளவு மட்டும் மே இரண்டாம் வாரம் எடுக்கட்டும். முன்பே எடுத்தால் பிள்ளை வளர்ந்துவிடும். மாதிரிக்கு அந்தப் பள்ளியில் இப்போது படிக்கிற யாருடைய சட்டையாவது ஒன்று, துவைத்தது, கையோடு கொண்டு போங்கள். பாக்கெட் பேட்ஜ் பள்ளியில்தான் கிடைக்கும், அதையும் தலைமையாசிரியரிடம் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.